கின்னௌர் வழியாக ஏறுங்கள், குன்சும் வழியாக இறங்குங்கள்

லாஹௌல்-ஸ்பிதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹிமாசலப் பிரதேசத்தில் திபெத் எல்லையை ஒட்டியிருக்கும் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

லாஹௌல்-ஸ்பிதி என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ஒரே இடமா, இரண்டு இடமா? மேப்பில் பார்த்தால் மணாலிக்குப் பின்பக்கத்துத் தெரு மாதிரி இருக்கிறதே? (திருச்சி)

பின்பக்கத்துத் தெருதான். நடுவில் நிற்கிற மதில் சுவர்தான் நாலாயிரம் மீட்டர் உயரம்.

லாஹௌலும் ஸ்பிதியும் இரண்டு தனிப் பள்ளத்தாக்குகள். 1960இல் இரண்டையும் சேர்த்து ஒரு மாவட்டமாக்கினார்கள். அப்போது பஞ்சாபில் இருந்தது, 1966இல் ஹிமாசலத்துக்கு வந்தது. பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர், நம் திண்டுக்கல் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 31,564. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்.

லாஹௌல் பக்கம் சந்திரா, பாகா என்று இரண்டு ஆறுகள். இரண்டும் பாரலாச்சா கணவாயருகே பிறந்து, எதிரெதிர்த் திசையில் ஓடி, தாண்டி என்ற ஊரில் கூடிச் சந்திரபாகா ஆகின்றன. கீழே போனால் அதுவே செனாப். ஸ்பிதி ஆறு குன்சும் கணவாயின் மறுபக்கத்தில் பிறந்து தென்கிழக்கே ஓடி, கின்னௌர் மாவட்டத்தில் காப் என்ற இடத்தில் சட்லெஜில் விழுகிறது. குன்சும் முகட்டில் பிரிந்த தண்ணீர் மறுபடி சேர்வது பாகிஸ்தானில், செனாபும் சட்லெஜும் கூடிப் பஞ்சநதம் ஆகிற இடத்தில்தான்.

கலெக்டர் இருப்பது லாஹௌலின் கேலாங்கில். ஸ்பிதியின் தலையூர் காஸா. கோடையில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 190 கிலோமீட்டர். குன்சும் (4,551 மீட்டர்) பனியில் மூடிவிட்டால், காஸாக்காரர் தன் மாவட்டத் தலைநகருக்குப் போகக் கின்னௌர் இறங்கி, சமவெளிப் பக்கம் சுற்றி, மணாலி வந்து, மலைக்கு அடியில் குடைந்த அடல் சுரங்கம் வழியாக 600 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். ஆண்டில் பாதி நாள் இதுதான் நிலைமை.

மணாலியிலிருந்து காஸா ஏறக்குறைய 200 கிலோமீட்டர், ஷிம்லாவிலிருந்து 420. குறைந்த தூரத்தை விட்டுவிட்டு எல்லோரும் ஷிம்லா வழியை ஏன் சொல்கிறார்கள்? மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? (கோவை, ஈரோடு, நாகர்கோவில்)

இங்கே தூரத்தைக் கணக்கிட வேண்டியது கிலோமீட்டரில் அல்ல, ராத்திரி படுக்கிற உயரத்தில்.

மணாலி 2,050 மீட்டர். அங்கே காலையில் கிளம்பினால் மதியம் 4,551 மீட்டர் குன்சும், இரவு 3,700 மீட்டர் காஸா. ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,650 மீட்டர் கூடிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பதுதான் மலை மருத்துவத்தின் பொது விதி. இதைவிட மோசமானது, மணாலியிலிருந்து கிளம்பி முதல் ராத்திரியே சந்திரதால் ஏரிப் பக்கத்து முகாமில் படுப்பது. 4,250 மீட்டர். படம் அழகாக வரும், தூக்கம் வராது. விடியும்போது தலை பிளக்கும்.

ஷிம்லா வழி படிப்படியாக ஏற்றுகிறது. ஷிம்லா 2,200. அடுத்து ராம்பூர் அல்லது சராஹன். பிறகு கல்பா, 2,960. இங்கே இரண்டு இரவு தங்கலாம், எதிரே கின்னர் கைலாஷ் சிகரம் இருக்கிறது, சலிக்காது. அடுத்த நாள் வழியில் நாகோ வரும், 3,660. எல்லோரும் செய்யும் தப்பு, ஏரியைப் பார்த்ததும் நாகோவிலேயே தங்கிவிடுவது. கல்பாவிலிருந்து அது 700 மீட்டர் தாவல். நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மேலே போய் தாபோவில் படுங்கள். தாபோ 3,280தான். அதன் பிறகு காஸா, ஒருநாள் இடைவெளி விட்டு மேல் கிராமங்கள் (கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக்), கடைசியில் குன்சும், சந்திரதால், மணாலி. சந்திரதாலில் படுக்கும்போது உடம்பு ஒரு வாரம் பழகியிருக்கும். அந்த ஏரியை ஆரம்பத்தில் வைக்காமல் கடைசியில் வைப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் வேண்டாம்.

ஷிம்லாவில் தொடங்கி மணாலியில் முடிக்கப் பத்து நாள். ஒன்பதில் நெருக்கலாம். ஏழு நாள் என்று விற்கிறவர்கள் உங்கள் கல்பா இரவைத் திருடித்தான் அதைச் செய்கிறார்கள்.

எப்போது? ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. குன்சும் வழக்கமாக மே கடைசி அல்லது ஜூனில் திறக்கும், அக்டோபர் கடைசி, நவம்பரில் மூடும். ஸ்பிதி மழை மறைவுப் பகுதி, உள்ளே ஜூலை ஆகஸ்டில் மழை குறைவு. ஆனால் உள்ளே போகும் இரண்டு வாசல்களும் பருவமழைப் பக்கம் இருக்கின்றன. கின்னௌரில் பாறை சரியும், மணாலிப் பக்கம் வெள்ளம். 2023 ஜூலையில் சந்திரதால் முகாம்களில் முந்நூறு பேர் அளவில் பருவம் தப்பிய பனியில் சிக்கி, 13ஆம் தேதிதான் மீட்கப்பட்டார்கள். எங்கள் ஓட்டு செப்டம்பருக்கு. அப்போதும் 2018 செப்டம்பர் கடைசியில் பனி கொட்டி ஆட்கள் மாட்டியதை மறக்க வேண்டாம். திரும்பும் டிக்கெட்டுக்கும் மணாலிக்கும் நடுவே இரண்டு வெற்று நாள் வையுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஊட்டி, கொடைக்கானலில் ஒன்றும் ஆகவில்லை. கூட்டிப் போகலாமா? டயாமாக்ஸ் எப்படிச் சாப்பிடுவது? (மதுரை)

ஊட்டி அனுபவம் இங்கே சாட்சி ஆகாது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர். மலை நோய் பெரும்பாலும் 2,500க்கு மேல்தான் கணக்கைத் தொடங்கும். காஸாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு.

வயது மட்டும் தடை இல்லை. கட்டுக்குள் இருக்கும் ரத்தக் கொதிப்பும் பொதுவாகத் தடை இல்லை. இதயம், நுரையீரல் கோளாறு, ரத்தசோகை இருந்தால் கதை வேறு. முதலில் அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள், உயரத்தை மீட்டரில் சொல்லிக் கேளுங்கள். “ஹிமாலயா போகிறோம்” என்று மட்டும் சொன்னால் அவர் ரிஷிகேஷ் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்.

டயாமாக்ஸ் என்பது அசெட்டசோலமைடு. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இரண்டு வேளை. உயரம் ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கி, மேலே போய்ச் சேர்ந்து இரண்டு நாள் வரை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லிகிராம் மாத்திரை, பாதியாக உடைக்க வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா ருசியற்றுப் போகும். இவை எதிர்பார்த்த விளைவுகள்தான், பயம் வேண்டாம். மாத்திரை போட்டிருக்கிறோம் என்று வேகமாக ஏறுவதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, சோர்வு, கிறுகிறுப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தால் மலை நோய் என்றே எடுத்துக்கொண்டு அன்று மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், குழறிய பேச்சு, தள்ளாட்டம் ஆகியவை அபாயம். தரையில் ஒரு கோட்டின் மேல் குதிகாலை விரல்நுனியில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

ஒரு முக்கிய விஷயம். காஸாவில் உடம்பு கெட்டால் “மணாலிதான் பக்கம்” என்று அந்தப் பக்கம் ஓடாதீர்கள். இறங்குவதற்கு முன் குன்சுமுக்கு இன்னும் 850 மீட்டர் ஏற வேண்டும், அந்த ஏற்றத்திலேயே உயிர் போகலாம். முதலில் காஸா அரசு மருத்துவமனை, பிறகு தாபோ வழியாகக் கின்னௌர் பக்கம் கீழே.

கார் வாடகை கட்டுபடியாகாது. பேருந்தில் முடியுமா? (விருதுநகர்)

தாராளமாக. மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் இருக்கிறது, தினசரி இல்லை. அங்கிருந்து ஷிம்லா. பிறகு ஹிமாசல் அரசுப் பேருந்தான எச்.ஆர்.டி.சி.யில் ரெக்காங் பியோ, 230 கிலோமீட்டர் அளவு. பியோவிலிருந்து காஸா வண்டி விடிகாலையில் கிளம்பும், 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் ஆகும், கூடவும் ஆகும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முதல் நாள் மாலையே நிலையத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். கடைசி வரிசை இருக்கை கிடைத்தால் மறுநாள் வண்டிக்கு இருந்துவிடுவது முதுகுக்கு நல்லது. காஸாவிலிருந்து மணாலிக்குக் கோடையில் பேருந்தும் பங்கு சூமோவும் உண்டு.

மேல் கிராமங்களுக்குப் பேருந்தை நம்பித் திட்டம் போட முடியாது. காஸா சந்தையில் டாக்சி யூனியனில் கட்டணப் பலகை தொங்கும். அங்கேயே வேறு பயணிகளோடு சேர்ந்துகொள்ளலாம். பணத்தை ரொக்கமாக எடுத்துப் போங்கள். காஸாவில் ஏ.டி.எம். உண்டு, அதில் பணமும் இருந்தால் அன்று உங்கள் யோகம். நெட் விழுந்தால் யு.பி.ஐ.யும் விழும். பிரீபெய்டு சிம் ஹிமாசலத்தில் வேலை செய்யும், லடாக்கில்தான் செய்யாது. பி.எஸ்.என்.எல்., ஜியோ இரண்டும் காஸாவில் கிடைக்கும். குன்சுமுக்கு முன் கடைசி ஊரான லோசரைத் தாண்டிக் குன்சும் இறங்கும்வரை எதுவும் கிடைக்காது, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

350 சிசி பைக். பெட்ரோல், டயர், ஓடைகள் பற்றி? (சேலம்)

பெட்ரோல்: பியோ பக்கத்தில் ஒன்று, காஸாவில் ஒன்று. காஸாவை விட்டால் லாஹௌல் பக்கம் தாண்டியில் ஒன்று, அல்லது மணாலி. காஸா–மணாலி 200 கிலோமீட்டர், நடுவில் சொட்டு கிடையாது. சந்திரதால் போய்வர இன்னும் முப்பது கிலோமீட்டர் அளவு. லிட்டருக்கு 35 கிடைக்கிற வண்டி இந்தப் பாதையில் 25 தந்தால் அதிகம். முதல் கியர், இரண்டாம் கியரிலேயே நாள் போய்விடும். டேங்க் நிரப்பி, கேனில் 5 லிட்டர் கூட வையுங்கள்.

குன்சும் உயரத்தில் எஞ்சின் கொடுக்கும் சக்தி ஐந்தில் இரண்டு பங்கு குறையும். எரிபொருள் இன்ஜெக்ஷன் வண்டி காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டி கறுப்புப் புகை விட்டு முனகும். ஏர் ஃபில்டரைக் காஸாவில் தட்டித் துடைத்து மாட்டினாலே பாதி முனகல் அடங்கும், ஏனென்றால் பாதி குற்றம் புழுதியுடையது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் உள்ளிருந்து கூடுதலாக உப்பும், பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் போலத்தான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, வழக்கத்தைவிட இரண்டு மூன்று புள்ளி குறைத்தே ஓட்டுங்கள்.

ஓடைகள்தான் உண்மையான பரீட்சை. குன்சும் இறங்கி பாதல், சத்ரூ, கிராம்பூ என்று வரும் 65 கிலோமீட்டர் நெடுக ரோடு என்று பேர். (பெயரைக் கேட்டு ஒருவர் கிராம்பும் சத்ருவும் ஒரே பாதையிலா என்று எழுதியிருக்கிறார். ஓட்டிப் பார்த்தால் சத்ரு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.) பனிமலை உருகும் தண்ணீர் குறுக்கே பாயும். வெயில் ஏற ஏற உருகுவது கூடி, மதியம் இரண்டிலிருந்து மாலைவரை ஓடை முழங்காலைத் தாண்டும். காலையில் அதே இடத்தில் கணுக்கால் அளவுதான் இருக்கும். எனவே லோசரிலோ சந்திரதாலிலோ விடிந்ததும் கிளம்பிக் காலைக்குள் கடந்துவிடுங்கள். அக்டோபரில் மட்டும் விதி தலைகீழ். இரவில் ஓடை வழிந்து கண்ணாடிப் பனியாக உறைந்திருக்கும், அதன்மேல் பிரேக் பிடிக்காது. அப்போது வெயில் பட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும்.

கடப்பது எப்படி: வண்டியை நிறுத்தி, முன்னால் போகிற ஒரு வண்டி எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். பின்னால் இருப்பவர் இறங்கி நடக்கட்டும். முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், கிளட்ச்சைப் பாதி பிடிக்காமல் முழுதாக விட்டு. கண் அக்கரையில் இருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் சக்கரம் அங்கேயே நிற்கும். நடுவில் எஞ்சின் அணைந்தால் அங்கேயே ஸ்டார்ட் செய்யாதீர்கள், சைலன்சர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். தள்ளிக் கரையேற்றிவிட்டுத்தான் சாவி.

கனடா பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. கார்டு இருக்கிறது. பெர்மிட் வேண்டுமா? (டொராண்டோ)

இந்தியக் குடிமக்களுக்கு ஸ்பிதி நெடுஞ்சாலையில் பெர்மிட் தேவையில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையும் வண்டி எண்ணும் பதிவு செய்தால் போதும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ரெக்காங் பியோவைத் தாண்டிச் சும்தோ வரையான எல்லைப் பகுதிக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. கார்டு இதில் உதவாது, வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவீர்கள். ஷிம்லா, ரெக்காங் பியோ, காஸா அலுவலகங்களில் தருகிறார்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓ.சி.ஐ. நகல், புகைப்படங்கள் கொண்டுபோங்கள். தனி ஆளாகப் போனால் இழுபறி, இருவராவது சேர்ந்து விண்ணப்பித்தால் சுலபம். ஞாயிறு, அரசு விடுமுறையில் அலுவலகம் பூட்டியிருக்கும், பியோவில் ஒரு வேலைநாள் விழும்படி திட்டமிடுங்கள். மணாலி வழியாக வந்து காஸா, கீ மடம், தாபோ பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பினால் இந்த அனுமதி தேவைப்படாது.

மணாலியில் ரோதாங் பெர்மிட் என்பது வேறு. மணாலிக்கு மேலுள்ள ரோதாங் கணவாயில் ஏறினால்தான் அது. 2020 அக்டோபர் 3 அன்று திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் போனால் வேண்டாம்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மலையேற்றத்துக்கு வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் மாதிரியான செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே கைதானவர்கள் உண்டு.

சைவம். அரிசிச் சோறு கிடைக்குமா? கழிப்பறை எப்படி? கூச்சத்தோடு கேட்கிறேன். (கரூர்)

கூச்சமே வேண்டாம், ஸ்பிதிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

சோறு கிடைக்கும். ராஜ்மா, பருப்பு, உருளைக்கிழங்கு, பருவத்தில் பச்சைப் பட்டாணி. கிராம வீடுகளில் துக்பா (காய்கறி போட்ட நூடுல்ஸ் சாறு), மோமோ, திங்மோ என்ற ஆவியில் வெந்த ரொட்டி. துக்பாவில் எலும்புச் சாறு சேர்ப்பதும் உண்டு, முன்பே சொல்லிவிடுங்கள். வெண்ணெய்த் தேநீர் உப்புக் கரிக்கும், அதைத் தேநீர் என்று நினைக்காமல் ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும். அடுப்பும் அரிசியும் கொண்டுபோகிறவர்கள் குக்கரையும் கொண்டுபோக வேண்டும். காஸாவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோமிக்கில் 85. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை நாள் முழுக்கக் கொதிக்க வைத்தாலும் அது பருப்பாகவே இருக்கும்.

கழிப்பறை: காஸா, தாபோ விடுதிகளில் வழக்கமானவை. மேல் கிராமத்து வீடுகளில் உலர் கழிப்பறை. மாடியில் ஓர் அறை, மண் தரையில் நீள் சதுர ஓட்டை, மூலையில் மண்ணும் சாம்பலும் கலந்த குவியல், அதில் செருகிய மண்வாரி. போய்முடித்ததும் இரண்டு வாரி மண்ணைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான். நாற்றம் கிட்டத்தட்டக் கிடையாது, காற்று அவ்வளவு உலர்ந்தது. கீழறையில் குளிர்காலம் முழுக்க மட்கி, வசந்தத்தில் வயலுக்கு எருவாகப் போகும்.

இங்கேதான் நம் ஆட்கள் செய்யும் தவறு. வாளித் தண்ணீரை எடுத்துப் போய் ஊற்றிவிடுவார்கள். தண்ணீர் பட்டால் மட்காது, அழுகும். குளிரில் உறைந்து கட்டியாகும். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு வருஷத்து எரு போச்சு. கழுவிக்கொள்ள வேண்டுமானால் சின்னக் குவளை அளவோடு நிறுத்துங்கள், அல்லது காகிதம். நாப்கின், பிளாஸ்டிக், ஈரத் துடைப்பான் எதையும் ஓட்டைக்குள் போடாதீர்கள். அது பட்டாணி வயலில்தான் போய்ச் சேரும். உங்கள் குப்பையை மணாலி வரை நீங்களே சுமந்து வாருங்கள்.

அங்குள்ள மக்கள் யார்? என்ன தொழில்? பௌத்தர்களா, இந்துக்களா? (தஞ்சாவூர்)

ஸ்பிதி முழுக்கத் திபெத்திய பௌத்தம், திபெத்திய மொழியின் கிளைப் பேச்சு. லாஹௌலில் கலவை. பட்டனி, கஹ்ரி, தினன் என்று பள்ளத்தாக்குக்கு ஒரு மொழி. அங்கே திரிலோகிநாத் கோயிலில் ஒரே சிலையை இந்துக்கள் சிவனாகவும் பௌத்தர்கள் அவலோகிதேஸ்வரராகவும் வணங்குகிறார்கள். இரண்டு பக்கமும் வணக்கத்துக்கு “ஜூலே”. நன்றிக்கும் அதேதான். ஹிந்தி எங்கும் புரியும்.

ஸ்பிதியில் குடும்ப நிலம் பிரிவதில்லை. மூத்த மகன் கல்யாணமானதும் காங்சென் என்ற பெரிய வீட்டையும் வயலையும் எடுத்துக்கொள்வார். அப்பா அம்மா காங்சுங் என்ற சின்ன வீட்டுக்குக் கொஞ்ச நிலத்தோடு மாறிவிடுவார்கள். இளைய மகன்கள் மடத்துக்குப் போவது வழக்கம். கேட்பதற்குக் கொடுமையாகப் படலாம். ஆனால் வருஷத்துக்கு ஒரே போகம், மலை உருகும் தண்ணீரைக் கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவர வேண்டும். நிலத்தைக் கூறுபோட்டிருந்தால் நான்காம் தலைமுறையில் எல்லோருக்கும் பட்டினிதான். இன்று இளையவர்களுக்கு அரசு வேலை, சுற்றுலா, டாக்சி என்று வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. ஸ்பிதியில் ‘பின்’ என்ற பெயருடைய பள்ளத்தாக்கில் கல்யாணமான துறவியரான பூசென்கள் உண்டு. ஊர் ஊராகப் போய்க் கதை நடிப்பார்கள், படுத்தவர் வயிற்றின் மேல் கல்லை வைத்து உடைப்பது அவர்கள் சடங்கு.

பார்லி பழைய பயிர், பணப் பயிர் பச்சைப் பட்டாணி. சமவெளியில் மழைக்காலத்தில் பட்டாணி விளையாது, இங்கே அப்போதுதான் அறுவடை. அதனால் நல்ல விலை. ஆகஸ்டில் போனால் சாலையோரம் மூட்டை மூட்டையாக லாரிக்குக் காத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த வாரம் கின்னௌர் சாலை சரிந்தால் ஒரு வருஷத்து வருமானம் மூட்டைக்குள்ளேயே வாடிவிடும். வயலோரம் போகிறபோது ஒரு கை பறித்து வாயில் போடுவது நமக்கு விளையாட்டு, அவர்களுக்கு அது எடைக்கு எடை காசு. கேட்டால் தாராளமாகத் தருவார்கள்.

தாபோ மடத்தை “ஹிமாலய அஜந்தா” என்கிறார்கள். உள்ளே படம் எடுக்கலாமா? (புதுச்சேரி)

கூடாது. மொபைலிலும் கூடாது. 996இல் மேற்குத் திபெத்தின் குகே நாட்டு அரசர் யேஷே ஓ கட்டியது, வெளியே பார்த்தால் மண் மேடுகள் போலிருக்கும். உள்ளே பிரதான மண்டபத்தில் நான்கு முகமாக அமர்ந்த வைரோசன புத்தர், சுற்றுச் சுவரில் முப்பதுக்கு மேற்பட்ட சுதை உருவங்கள், அவற்றின் கீழே நீள வரிசையில் ஓவியங்கள். தென்சுவரில் சுதனன் என்ற இளைஞன் குருக்களைத் தேடி ஊர் ஊராக அலையும் கதை. கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூலின் கதை இது. அதில் அவன் தென்னாட்டில் திராமிட (திராவிட) தேசத்துக்கு வந்து மேகன் என்பவரைச் சந்திக்கிறான். தமிழ் வாசகர் அந்தச் சுவர் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம்.

மண்டபம் இருட்டு. கூரைத் திறப்பு வெளிச்சம் மட்டும்தான். நண்பகலையொட்டிப் போங்கள், உள்ளே போய் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிச் சுவர் தெரியத் தொடங்கும். சிறிய டார்ச் அடிக்கலாமா என்று லாமாவிடம் கேளுங்கள். சுவரைத் தொடாதீர்கள், முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பை உரசித்தான் சுதை உதிர்கிறது.

லாங்சாவில் கிளிஞ்சல் புதைபடிவம் விற்கிறார்களாமே? (தூத்துக்குடி)

4,400 மீட்டர் உயரத்தில் கடல் உயிரி, ஏனென்றால் அந்த மண் முன்பு டெத்திஸ் கடலின் அடித்தரை. சுருள் வடிவ அம்மோனைட்டுகள். குழந்தைகள் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். வாங்காதீர்கள், பொறுக்கவும் வேண்டாம். வாங்க ஆள் இருக்கும்வரை மலையைச் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள்.

சீன எல்லையைப் பார்க்க முடியுமா? (வேலூர்)

ஸ்பிதியில் சும்தோவைத் தாண்டி எல்லையோரக் கௌரிக் பக்கம் பயணிகளுக்கு வழி கிடையாது. சும்தோ பாலம், ராணுவ முகாம் எதையும் படமெடுக்காதீர்கள், ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

ஆனால் எல்லை என்றால் என்ன என்று சும்தோவில் ஓர் ஆறே சொல்லும். பாரேச்சூ இந்தியப் பக்கம் பிறந்து, திபெத்துக்குள் போய், கௌரிக் அருகே திரும்பி வந்து ஸ்பிதியில் கலக்கிறது. 2004இல் திபெத்துக்குள் மலை சரிந்து அதன் குறுக்கே விழுந்தது. தண்ணீர் தேங்கி ஏரியானது. உடைந்தால் அடி வாங்கப் போவது இந்தியா, ஏரி இருப்பது சீனாவில், நம் பொறியாளர்களால் அருகே போகவும் முடியாது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு குளிர்காலம் போனது. 2005 ஜூன் 26 அன்று உடைந்தது. கரையோர மக்களை முன்பே நகர்த்தியிருந்ததால் உயிர்கள் பிழைத்தன, சட்லெஜ் கரைப் பாலங்களும் சாலைகளும் போயின.

பனிச் சிறுத்தை பார்க்கக் குளிர்காலத்தில்? (சென்னை)

பிப்ரவரி, மார்ச், கிப்பர் கிராமம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பாறைக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியாது. ஷிம்லா வழி மட்டும்தான் திறந்திருக்கும், அதுவும் பனி விழுந்த மறுநாள் உறுதியில்லை. இரவில் மைனஸ் 25 டிகிரி. குழாய்கள் உறைந்துபோவதால் வாளியில்தான் தண்ணீர். சமவெளியில் நிரப்பிய டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டர் அடைபடும், அதனால் உள்ளூர் வண்டியை அமர்த்துவதே புத்தி. வீட்டு நடு அறையில் தந்தூர் என்ற இரும்பு அடுப்பு எரியும், குழாய் வழியாகப் புகை கூரைக்குப் போகும். அது சரி. புகைக்குழாய் இல்லாத கரிச் சட்டியை மட்டும் மூடிய அறையில் வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து கார்டு அனுப்பினால் உண்மையிலேயே வருமா? (கும்பகோணம்)

வரும். 4,400 மீட்டர் உயரத்தில் 1983 முதல் இயங்குகிறது. பை முதலில் காஸாவுக்கு இறங்கும், பிறகு பேருந்தில் கின்னௌர் வழியாக வெளியே போகும். ஆகவே நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் கார்டு வரும், சில சமயம் நீங்கள் மறந்த பிறகு. தபால் தலையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே தீர்ந்திருக்கலாம். முகவரியை ஆங்கிலத்திலும் எழுதிப் பின்கோடைக் கட்டம் கட்டமாகப் போடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், பனி ஈரத்தில் மை பரவிவிடும். பால்பாயிண்ட் போதும்.